புதிய தலைவர் வந்தால் நாடு திருந்துமா?

மேட்டூரில் மதகு திறந்தாயிற்று என்ற செய்தி வந்த அன்றே கடைமடை வயலில் நாற்று நட முடியாது என்பதை நம் உழவர் குடும்பங்கள் நன்கு அறியும். நீர் கல்லணைக்கு வந்து சேர வேண்டும். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிய வேண்டும். வாய்க்கால்கள் தூர்வாரப்பட்டிருக்க வேண்டும். மேல்மடைக்காரர் கீழ்மடைக்காரரை நினைத்து மடையை விட வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும், அணை நிரம்பி வழிந்தும் வேதாரண்யம் பக்கத்துப் பயிர் வாடும்.

நீரைப் பற்றி இவ்வளவு தெளிவாய் இருக்கும் நாம், அரசியல் என்று வந்தவுடன் அந்தத் தெளிவை இழந்துவிடுகிறோம். "நல்ல தலைவர் ஒருவர் வரட்டும், எல்லாம் சரியாகிவிடும்" என்று தேநீர்க் கடையிலும் திண்ணையிலும் பேசுகிறோம். இது உண்மைதானா? இக்கேள்விக்கு விடை காண நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. கோடிக்கரைக்கு அப்பால், கடலின் மறுகரையிலுள்ள இலங்கையைப் பார்த்தால் போதும். வேளாங்கண்ணி அன்னையின் திருவிழாவுக்கு அங்கிருந்து வரும் பக்தர்களை நாம் அறிவோம். 1983-க்குப் பின் அங்கிருந்து அகதிகளாக வந்தோரையும் அறிவோம். அவர்களுடைய நாட்டின் கதை நமக்கு அயலார் கதையன்று.

ஒரே நாற்காலியில் குவிந்த அதிகாரம்

1978-ஆம் ஆண்டில் இலங்கை தன் ஆட்சிமுறையை மாற்றியது. ஜே. ஆர். ஜயவர்தனா நிறைவேற்று அதிகாரமுள்ள முதல் அதிபரானார். நாட்டின் தலைவரும் அவரே, அரசின் தலைவரும் அவரே, முப்படைத் தளபதியும் அவரே என்றாயிற்று. உறுதியான ஒரு கரம் நாட்டை விரைவாக முன்னேற்றும் என்பதே அன்று சொல்லப்பட்ட காரணம்.

விளைந்தது என்ன? 1982-இல், பொதுத்தேர்தல் நடத்துவதற்குப் பதிலாக, ஒரு வாக்கெடுப்பின் வழியாக நாடாளுமன்றத்தின் ஆயுள் ஆறு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. மறு ஆண்டு ஜூலையில் தமிழர்மீது கொடுமை அவிழ்த்துவிடப்பட்டது. பின்னர் கால் நூற்றாண்டுக்கு மேலாக, 2009 மே மாதம் வரை, அந்நாடு போரில் வெந்தது.

உழவர்களுக்கு எளிதில் விளங்கும் ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில், அன்றைய அதிபர் கோத்தபய ராஜபக்சவின் அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரே ஆணையால் தடை செய்தது. இயற்கை வேளாண்மை நல்லதுதான். ஆனால், நிலத்தைப் பழக்காமல், உழவனைக் கேட்காமல், ஒரு பருவத்திற்குள் எல்லாவற்றையும் மாற்ற முடியுமா? நெல் விளைச்சல் சரிந்தது. அரிசியை இறக்குமதி செய்யும் நிலை வந்தது. நவம்பரிலேயே தடையைத் திரும்பப் பெற நேர்ந்தது. "இது கூடாது" என்று துணிந்து தடுக்கக்கூடிய எவரும் அந்த நாற்காலியின் அருகில் இல்லை. வெளிநாட்டுக் கடனும் சேர்ந்து அழுத்த, 2022 ஏப்ரலில் அந்நாடு கடனைத் திருப்பித் தர இயலாதென அறிவித்தது. ஜூலையில் மக்கள் அதிபர் மாளிகைக்குள் புகுந்தனர். அதிபர் நாட்டைவிட்டு வெளியேறினார்.

மாறிய தலைவர்கள், மாறாத நாற்காலி

அதிகாரம் குவிந்த இந்தப் பதவியை ஒழிப்பதாக 1994-இல் சந்திரிகா குமாரதுங்க வாக்களித்தார். பெரும் ஆதரவோடு வென்றார். 2005 வரை அதே நாற்காலியில் அமர்ந்திருந்தார். 2010-இல் மகிந்த ராஜபக்சவின் ஆட்சியில், ஒருவர் இருமுறைக்கு மேல் அதிபராகக் கூடாது என்ற வரம்பும் நீக்கப்பட்டது. 2015-இல் மைத்திரிபால சிறிசேன வந்தார். 19-ஆம் திருத்தத்தால் அதிபரின் அதிகாரத்தைக் குறைத்தார். அவரே 2018-இல் நாடாளுமன்றத்தைக் கலைக்க முற்பட, அது சட்டத்திற்கு முரணானது என உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2020-இல் 20-ஆம் திருத்தம் அதிகாரத்தை மீண்டும் குவித்தது. 2022-இல் 21-ஆம் திருத்தம் அதை ஓரளவு குறைத்தது.

நாற்காலியைக் குறை கூறி வருபவர், அமர்ந்தபின் அதன் சுகத்தை உணர்ந்துவிடுகிறார். இது இலங்கையருக்கு மட்டும் உரிய குறையா? மனித இயல்பின் குறையன்றோ!

ஆயர் எழுப்பிய கேள்வி

2011 சனவரியில், மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் அரசு நியமித்த ஆணைக்குழுவின் முன் ஒரு கணக்கை வைத்தார். வன்னியில் போருக்குமுன் இருந்ததாக அரசு அலுவலகங்களே பதிவு செய்த மக்கள் தொகையையும், போர் முடிவில் வெளியேறி வந்தோர் தொகையையும் ஒப்பிட்டார். 1,46,679 பேருக்குக் கணக்கில்லை. அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார். 2021 ஏப்ரல் 1 அன்று அவர் இறைவனடி சேர்ந்தார். அதற்குள் மூன்று அதிபர்கள் அந்தப் பதவியை வகித்துவிட்டனர். கேள்விக்கு விடை வரவில்லை. காணாமல் போன பிள்ளைகளின் படங்களை ஏந்தி, 2017 முதல் தாய்மார் தெருவோரத்தில் அமர்ந்து போராடத் தொடங்கினர்.

2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழா. கொச்சிக்கடை புனித அந்தோணியார் ஆலயத்திலும், கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் சபையிலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முன்னெச்சரிக்கை வந்திருந்தும் அரசு செயற்படவில்லை. 2023 சனவரியில் உச்ச நீதிமன்றம், கடமை தவறிய முன்னாள் அதிபர் சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. எல்லா அதிகாரமும் ஒருவரிடம் இருப்பதால் எல்லாப் பாதுகாப்பும் வந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

2024-இல் வந்த புதியவர்

2024 செப்டம்பர் 21-ஆம் நாள் நடந்த தேர்தலில் அநுர குமார திசாநாயக்க வென்றார். 2019-இல் மூன்று விழுக்காட்டளவே வாக்குப் பெற்றவர் அவர். நவம்பரில் அவரது தேசிய மக்கள் சக்தி 225 இடங்களில் 159-ஐப் பிடித்தது. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்றும் அதற்கே கிட்டின. பழைய குடும்பங்களின் ஊழலில் சலித்த மக்கள், இன வேறுபாட்டைக் கடந்து ஒருவரை நம்பியது சிறிய செய்தியன்று.

எனினும் அவர்முன் இருந்த பணிகளை எண்ணிப் பாருங்கள். அதிபர் ஆட்சிமுறையை ஒழிப்பதாக அவரும் வாக்களித்திருந்தார். 1987-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் விளைவாய்ப் பிறந்த மாகாண சபைகளுக்குத் தேர்தல் நடத்த வேண்டியிருந்தது. வட மாகாண சபை 2018 முதல் உறுப்பினர் இன்றி இருந்தது. ஒன்றாயிருந்த வடக்கையும் கிழக்கையும் பிரிக்கக் கோரி 2006-இல் நீதிமன்றத்தில் வென்றது அவர் சார்ந்த மக்கள் விடுதலை முன்னணியே. எனவே, அவர் தம் பகைவரை வெல்வது போதாது. தம் சொந்தக் கட்சியின் பழைய மனத்தையும் வெல்ல வேண்டும்.

நம் கடலோரச் சிக்கலையும் பாருங்கள். நாகை மீனவர் சிறைப்படும்போதெல்லாம், கொழும்பில் ஆள் மாறினால் துயர் தீரும் என எண்ணுகிறோம். ஆனால், இழுவை மடி கொண்டு கடலடியை வாரும் நம் விசைப்படகுகளால், தம் வலை அறுந்து, மீன்வளம் குன்றித் தவிப்பவர் யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவரே. இரு கரையாரும் கூடிப் பேசி முடிக்க வேண்டியதை எந்த அதிபரின் கையெழுத்து முடித்துவிடும்?

நம் மண்ணிலிருந்து சென்ற குடியரசுத் தலைவர்

நம் நாட்டில் குடியரசுத் தலைவரின் பதவி வேறு வகையானது. பட்டுக்கோட்டையை அடுத்த இராஜாமடத்தில் 1910-இல் பிறந்த ஆர். வெங்கட்ராமன், 1987 முதல் 1992 வரை அப்பதவியை வகித்தார். நான்கு பிரதமர்களோடு பணியாற்றினார். 1989-இல் எவருக்கும் பெரும்பான்மை கிட்டாதபோது, தனிப்பெருங் கட்சியை முதலில் அழைத்தார். அது மறுக்கவே, அடுத்தவரை அழைத்தார். தம் விருப்பத்தை நுழைக்காமல் முறையைக் காத்தார். நாடு தடுமாறாமல் நடந்தது.

ஆனால், 1991 சனவரி 30 அன்று, ஆளுநரின் அறிக்கை இல்லாமலே, மத்திய அமைச்சரவையின் பரிந்துரைப்படி தமிழக அரசைக் கலைக்கும் ஆணையில் கையெழுத்திட்டவரும் அவரே. அத்தகைய கலைப்புகளுக்குக் கடிவாளம் இட்டது 1994-இல் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பாகும். தனி மனிதரின் நற்குணம் தராத காப்பை நல்ல முறைமை தந்தது.

திருச்சபையின் பார்வை

பிற இனத்தாரைப் போல் தங்களுக்கும் ஓர் அரசன் வேண்டுமென இஸ்ரயேல் மக்கள் கேட்டபோது, அவன் உங்கள் புதல்வரையும் வயல்களையும் எடுத்துக்கொள்வான் என சாமுவேல் எச்சரித்தார். மக்கள் செவிகொடுக்கவில்லை, தங்கள் பொறுப்பைச் சுமக்க ஓர் ஆள் கிடைத்தால் போதும் என்றிருந்தனர்.

திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1931-இல் வெளியிட்ட சுற்றுமடலில், சிறிய குழு தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி எனக் கற்பித்தார். குடும்பம், ஊர், மாவட்டம், மாநிலம் ஒவ்வொன்றுக்கும் உரிய கடமை உண்டு. மேலே உள்ளவர் துணை நிற்க வேண்டுமேயன்றி, விழுங்கிவிடலாகாது.

ஆகவே, புதிய தலைவரால் ஒன்றும் இயலாது என்று நாம் சொல்லவில்லை. மதகைத் திறக்க அவரால் இயலும். அதற்கு நேர்மையும் துணிவும் வேண்டும். தம் அதிகாரத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும் தலைவரே நாட்டுக்கு நிலையான நன்மை செய்தவராவார். ஆனால், வாய்க்காலை வெட்டுவதும் காப்பதும் நம் கடன்.

நம் வாய்க்கால்கள் எப்படியுள்ளன? சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடும் கிராம சபையில் நம் பங்குக் குடும்பங்களுள் எத்தனை சென்று அமர்கின்றன? கணக்கைக் கேட்கும் துணிவு எத்தனை பேருக்கு உண்டு? வாக்குக்குப் பணம் நீட்டப்படும்போது, பிள்ளைகள் பார்த்திருக்க, அதை மறுக்கும் தந்தையர் எத்தனை பேர்? பணம் வாங்கிய கை எந்தத் தலைவரைக் குற்றஞ்சாட்ட உயரும்?

அடுத்த முறை கிராம சபைக்குக் குடும்பத்தோடு செல்வோம். ஒரு கேள்வியாவது கேட்போம். கடலுக்கு அப்பால் பிள்ளைகளின் படங்களை ஏந்தி நின்ற தாய்மாரை நம் குடும்ப செபமாலையில் நினைவுகூர்வோம். அதிபர்கள் மாறியபோதும் அவர்கள் கேட்பதை நிறுத்தவில்லை. ஒரு நாட்டைத் திருத்தும் ஆற்றல் அத்தகைய உறுதியில்தான் இருக்கிறது.