25 பவுண்டுக்கு வாங்கிய நாடகம்: ஒரு சின்ன தியேட்டர் சொல்லித் தரும் போர்ட்ஃபோலியோ பாடம்

இன்னைக்கு ஃபண்ட் ரிவ்யூ கிடையாது, லண்டன்ல இருக்கிற ஒரு நாடகக் கொட்டகையைப் பத்திப் பேசப் போறோம். பணத்துக்கும் நாடகத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கிறீங்களா? கொஞ்சம் பொறுமையாப் படிங்க. "நான் வாங்கின அஞ்சு ஃபண்ட்ல ரெண்டு நஷ்டத்துல இருக்கு, எல்லாத்தையும் வித்துடலாமா?" என்ற கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கு.

750 கைப்பிரதி, தேறியது ஒன்று

லண்டனில் ஸ்லோன் ஸ்கொயர் என்ற இடத்தில் இருக்கிறது ராயல் கோர்ட் தியேட்டர். பெரிய அரங்கம் ஒன்றும் இல்லை. இன்றைக்கு அதன் கீழ்த்தள அரங்கில் சுமார் 380 பேர்தான் உட்கார முடியும். 1956-ல் ஜார்ஜ் டிவைன் என்பவர் தலைமையில் இங்கிலீஷ் ஸ்டேஜ் கம்பெனி என்ற குழு இங்கே நாடகம் போட ஆரம்பித்தது. புதிய எழுத்தாளர்களின் புதிய நாடகங்களுக்கு மேடை கொடுப்பதுதான் நோக்கம்.

நாடகத் துறைப் பத்திரிகை ஒன்றில் விளம்பரம் கொடுத்தார்கள். சுமார் 750 கைப்பிரதிகள் வந்து குவிந்தன. அத்தனையையும் படித்துப் பார்த்ததில் தேறியது ஒன்றே ஒன்று. எழுதியவர் ஜான் ஆஸ்போர்ன், வேலை இல்லாமல் இருந்த ஒரு இளம் நடிகர். நாடகத்தின் பெயர் 'லுக் பேக் இன் ஆங்கர்'. அதற்கு டிவைன் கொடுத்த தொகை 25 பவுண்டு. ஒரு வருடத்துக்குள் அந்த நாடகத்தை மேடையேற்றும் உரிமைக்கான விலை அது.

இந்த 25 பவுண்டை ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னாடி வருவோம்.

முதல் சீசன் எப்படிப் போச்சு?

1956 ஏப்ரல் 2-ம் தேதி நாவலாசிரியர் ஆங்கஸ் வில்சனின் 'தி மல்பெரி புஷ்' நாடகத்தோடு சீசன் தொடங்கியது. அடுத்து ஆர்தர் மில்லரின் 'தி க்ரூசிபிள்'. மே 8-ம் தேதி ஆஸ்போர்னின் நாடகம். பிறகு ரொனால்ட் டங்கனின் இரண்டு நாடகங்கள், நைஜல் டென்னிஸின் 'கார்ட்ஸ் ஆஃப் ஐடென்டிட்டி', பிரெக்டின் நாடகம் ஒன்று எனப் பட்டியல் நீண்டது.

டங்கனின் நாடகங்கள் சில காட்சிகளோடு நின்றுவிட்டன. ஆஸ்போர்ன் நாடகத்துக்கும் முதல் நாள் வரவேற்பு சுமார்தான். மறுநாள் காலைப் பத்திரிகைகளில் பல விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். மே 13 ஞாயிற்றுக்கிழமை, 'அப்சர்வர்' பத்திரிகையில் கென்னத் டைனன் அதைப் பெரிதாகப் பாராட்டி எழுதினார். அப்பவும் கூட்டம் அள்ளிக்கொண்டு வந்துவிடவில்லை. அக்டோபரில் பிபிசி தொலைக்காட்சி நாடகத்தின் ஒரு பகுதியை ஒளிபரப்பிய பிறகுதான் வசூல் ஏறக்குறைய இரண்டு மடங்கானது.

அதாவது மே மாதம் வாங்கின "பங்கு", அக்டோபர் வரைக்கும் பெரிசா அசையவே இல்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் கதை. 1957 அக்டோபரில் நாடகம் நியூயார்க்கின் பிராட்வேக்குப் போனது. 1959-ல் ரிச்சர்ட் பர்ட்டன் நடிக்கப் படமானது. புகழின் உச்சியில் இருந்த லாரன்ஸ் ஒலிவியே இதே சின்ன தியேட்டருக்கு வந்து, 1957-ல் ஆஸ்போர்னின் அடுத்த நாடகமான 'தி என்டர்டெய்னர்'-ல் நடித்தார். எல்லாம் அந்த 25 பவுண்டில் ஆரம்பித்தது.

பாடம் 1: நஷ்டத்துக்கு எல்லை இருக்கணும், லாபத்துக்கு இருக்கக் கூடாது

ஆஸ்போர்ன் நாடகத்தை மேடையேற்ற வேண்டாம் என டிவைன் முடிவு செய்திருந்தால் போயிருக்கக்கூடியது 25 பவுண்டுதான். மேடையேற்றித் தோற்றிருந்தாலும் அந்த ஒரு நாடகத்தின் செலவோடு முடிந்திருக்கும். ஜெயித்தால் எவ்வளவு வரும் என்பதற்கு உச்சவரம்பு கிடையாது.

கடன் வாங்காமல், சொந்தப் பணத்தில் ஒரு பங்கு வாங்கினால் உங்கள் நிலைமையும் இதுதான். 10,000 ரூபாய் போட்டால் அதிகபட்சம் போவது 10,000. பர்சனல் லோன் எடுத்தோ, மார்ஜினிலோ இறங்கினால் கணக்கு தலைகீழ். போட்டதற்கு மேலும் போகும். எஃப் அண்ட் ஓ-வில் இறங்கும் தனிநபர்களில் 10-க்கு 9 பேருக்கு மேல் நஷ்டம் என்று செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வே சொல்கிறது. முதல் சம்பளம் வாங்கின ஜோர்ல அந்தப் பக்கம் போகாதீங்க.

பாடம் 2: ஒரு நாடகத்தைப் பார்க்காதீங்க, சீசனைப் பாருங்க

ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். அஞ்சு இடத்துல தலா 10,000, மொத்தம் 50,000 ரூபாய்.

- இரண்டு முழுசாப் போச்சு: 0
- இரண்டு 9,000-ல் நிக்குது: 18,000
- ஒன்று நாலு மடங்கு: 40,000

கையில் இருப்பது 58,000. அதாவது 16% லாபம். அஞ்சுல நாலு நஷ்டம், ஆனாலும் மொத்தத்துல லாபம்! அந்த ஒன்றை மட்டும் விட்டிருந்தால் 40,000 போட்டு 18,000-தான் கையில் நிற்கும்.

சிக்கல் என்னன்னா, அந்த ஒன்று எதுன்னு முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. 750 கைப்பிரதி படிச்ச ஆளுக்கே தெரியலை. அதனால்தான் டிவைன் ஒரு நாடகத்தை மட்டும் நம்பாமல் ஒரு சீசனே போட்டார். நமக்கு அந்த சீசன் டிக்கெட் இண்டெக்ஸ் ஃபண்ட் மாதிரி. நிஃப்டி 50 ஃபண்ட் ஒன்று வாங்கினால் 50 கம்பெனியும் உங்கள் கையில். எது ஓடும், எது படுக்கும்னு நீங்க மண்டையை உடைச்சுக்க வேண்டாம்.

பாடம் 3: கல்லாவை நிறைச்சது பழைய நாடகம்

இதுதான் பலரும் சொல்லாமல் விடும் பகுதி. புது நாடகங்களுக்காகவே ஆரம்பித்த அந்தத் தியேட்டரின் முதல் வருடத்தில் பெரிய வசூல் கொடுத்த நாடகங்களில் ஒன்று 'தி கன்ட்ரி வைஃப்'. டிசம்பரில் போட்டார்கள். விச்சர்லி என்பவர் 1675-ல் எழுதிய நகைச்சுவை, அதாவது ஏறக்குறைய 280 வருஷப் பழசு! கூட்டம் அலைமோதி, அங்கிருந்து வெஸ்ட் எண்டின் பெரிய அரங்கத்துக்கே போனது. இதோடு ஆர்ட்ஸ் கவுன்சிலின் அரசு மானியமும் அவர்களுக்கு இருந்தது.

புது முயற்சிகளில் கை சுட்டாலும் தியேட்டர் மூடப்படாமல் இருந்ததற்கு இந்த இரண்டும் முக்கியக் காரணம்.

நமக்கு மானியம் கொடுக்க யாரும் இல்லை. நம்ம மானியத்தை நாமதான் உருவாக்கணும். ஆறு மாதச் செலவுக்கான எமர்ஜென்சி ஃபண்ட், ஒரு டெர்ம் இன்ஷூரன்ஸ், ஆபீஸ் பாலிசியைத் தாண்டி சொந்தமா ஒரு ஹெல்த் பாலிசி. அப்புறம் அலுப்பூட்டும் அந்தப் "பழைய நாடகம்", அதாவது சம்பளத்தில் பிடிக்கும் பி.எஃப், மாசாமாசம் போகும் இண்டெக்ஸ் எஸ்ஐபி. வேலை மாறும்போது பி.எஃப் பணத்தை எடுத்து செலவு பண்றவங்க, ஓடிக்கிட்டு இருக்கிற 'கன்ட்ரி வைஃப்'பை நிறுத்துறாங்க.

இதெல்லாம் ரெடியான பிறகு, முதலீட்டில் 10% வரை புது நாடகத்துக்கு வைங்க. உதாரணமா மாசம் 10,000 முதலீடு செய்தால், 9,000 பழைய நாடகத்துக்கு, 1,000 உங்களுக்குப் பிடிச்ச பங்குக்கோ தீம் ஃபண்டுக்கோ. அந்த 1,000 மொத்தமாப் போனாலும் ராத்திரி தூக்கம் போகாது.

பாடம் 4: பொறுமைக்கும் பிடிவாதத்துக்கும் வித்தியாசம் இருக்கு

டங்கனின் நாடகங்களைச் சீக்கிரமே எடுத்துவிட்டார்கள். ஆஸ்போர்னின் நாடகத்தை மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். இரண்டுமே முதல் வாரத்தில் ஹவுஸ்ஃபுல் இல்லை. நாமும் இந்த வித்தியாசத்தைப் பார்க்கணும்னா, வாங்கும்போதே ஒரு பேப்பர்ல ரெண்டு வரி எழுதி வைங்க: இதை ஏன் வாங்கினேன்? என்ன நடந்தா விற்பேன்? விலை இறங்கியும் காரணம் அப்படியே இருந்தால் பொறுமை. காரணமே போன பிறகும் "போட்ட விலை வரட்டும்"னு உட்கார்ந்தால் பிடிவாதம்.

நஷ்டத்தில் விற்றாலும் ஒரு சின்ன ஆறுதல் உண்டு. ஒரு வருடத்துக்குள் விற்ற பங்கின் நஷ்டத்தை மற்ற மூலதன லாபத்தில் கழிக்கலாம். நீண்டகால நஷ்டத்தை நீண்டகால லாபத்தில் மட்டும் கழிக்கலாம். கழிக்க முடியாமல் மிஞ்சியதை 8 வருடம் வரை கொண்டுபோகலாம். கண்டிஷன் ஒன்றுதான்: வருமான வரி ரிட்டர்னைக் கடைசித் தேதிக்குள் போட்டிருக்கணும்.

கடைசியா ஒண்ணு

ராயல் கோர்ட் இன்றும் புது நாடகங்களைப் போடுகிறது. 1973-ல் அதன் மாடியில், 63 பேர் மட்டும் உட்காரும் அறையில் ஆரம்பித்ததுதான் உலகம் முழுக்கச் சுற்றிய 'ராக்கி ஹாரர் ஷோ'. ஜெயித்த பெயர்கள் மட்டுமே நமக்குத் தெரியும். அதே மேடையில் போட்டு மறந்துபோன நாடகங்கள் எத்தனையோ. சோஷியல் மீடியாவில் "இந்த ஒரு பங்கு என் வாழ்க்கையை மாத்திடுச்சு"னு யாராவது சொன்னால், அவர் மேடையேற்றித் தோற்ற மற்ற நாடகங்களின் பட்டியலையும் கேளுங்க.

இந்த வாரம் ஒரு வேலை: உங்க முதலீடு எல்லாத்தையும் ஒரே தாள்ல எழுதி, எது பழைய நாடகம், எது புது நாடகம்னு பிரிச்சுப் பாருங்க. புதுசு 10%-ஐத் தாண்டியிருந்தா, அடுத்த மாச எஸ்ஐபியிலிருந்தே சரிசெய்ய ஆரம்பிக்கலாம். அதை எக்செல்ல எப்படிப் போடுறதுன்னு அடுத்த வீடியோல பார்ப்போம்.