வயிற்றுறுப்பு நாடிகளின் புடைப்பு நோய்

கமத்தொழிலை அறிந்த நம்மவர்க்கு வாய்க்காலின் இயல்பைக் கூறல் மிகையாகும். வரம்பு நைந்தவிடத்து மண் வெளிநோக்கிச் சரிவதையும், பின்னர் ஒருநாள் எதிர்பாராவண்ணம் அது உடைவதையும் பலர் கண்டிருப்பர். குருதி பாயும் நாடிகளிலும் இத்தகைய கேடு நேர்வதுண்டு. சுவர் நலிந்த ஓரிடத்தில் நாடி பலூன்போற் புடைத்தலை மருத்துவர் அனியூரிசம் என்பர்; யாம் நாடிப்புடைப்பு என வழங்குவோம். பெருநாடியில் தோன்றும் புடைப்பைப் பற்றிப் பலர் கேள்வியுற்றிருப்பர். மண்ணீரல், ஈரல், குடல் ஆகியவற்றுக்குச் செல்லும் கிளைநாடிகளில் அது தோன்றுதல் அரிது. ஆயினும் அறியப்படாது விடின் உயிரைக் கவர்வது.

இவற்றுள் மண்ணீரல் நாடியின் புடைப்பே மிகுதி. ஏறக்குறைய நூற்றுக்கு 60 அதுவேயாம். 1770 ஆம் ஆண்டில் போசியே என்பார் இறந்தவர் ஒருவரின் உடலை அறுத்து ஆராய்ந்தபோது இதனைக் கண்டு எழுதினார். ஆடவரினும் பெண்டிரிடத்து இது பன்மடங்கு அதிகம். அவருள்ளும் பலமுறை கருவுற்றோர்க்கே பெரிதும் உண்டாகின்றது. கருப்பகாலத்தில் உடைந்தபோது தாய்மாருள் நால்வரில் மூவர் வரையில் மாண்டனர் எனவும், சிசுக்கள் பிழைத்தல் அரிதாயிற்று எனவும் பழைய மருத்துவ அறிக்கைகள் கூறும்.

இந்நோயின் வஞ்சகம் ஒன்றை யாம் சிறப்பாக எடுத்துக் கூற விரும்புகின்றோம். புடைப்பு உடைந்ததும் இடப்பக்க மேல்வயிற்றில் கடும் வலி எழும், நோயாளி மயங்குவார். சிலரில் அக்குருதி முதலில் இரைப்பையின் பின்னேயுள்ள சிறு பைபோன்ற அறையினுள் தேங்கி, உறைந்து, உடைந்த வாயைத் தானே அழுத்தி அடைத்துவிடும். வலி தணியும், நாடித்துடிப்பு சீர்ப்படும். கண்டோர் வாயுக்கோளாறு என்று ஆறுதல் கொள்வர். சில மணி நேரத்தின் பின்னரோ, ஓரிரு நாள் கழித்தோ அடைப்பு விலகிக் குருதி வயிற்றறை முழுவதும் பரவும். இவ்விடைவேளையே உயிரைக் காக்கக் கிடைக்கும் தருணம். கருவுற்ற பெண்ணொருத்தி மேல்வயிற்று வலியுடன் மயங்கித் தெளிந்தாளெனின், அவள் தெளிவைக் கண்டு வீட்டுக்கு அனுப்புதல் தகாது.

ஈரல் நாடியின் புடைப்பு வேறு வகையாய்த் தன்னைக் காட்டும். அது பித்தக்குழாயினுள் உடையின் வலி, மஞ்சட்காமாலை, குருதிப்போக்கு ஆகிய மூன்றும் தோன்றும். 1871 இல் குவிங்கே என்னும் செர்மானிய மருத்துவர் இம்மூன்றையும் இணைத்துக் கூறினார். குடலின் முதன்மை நாடியிலோ, இதய வாயில்களிலிருந்து வந்த கிருமித்தொற்றே பலகாலும் காரணமாகும். சதையி அழற்சியுற்றபோது அதன் நொதிகள் அயலிலுள்ள நாடிச்சுவரை அரித்தலும் உண்டு.

எனினும் பெரும்பாலான புடைப்புகள் எவ்விதக் குறியுமின்றி, வேறொன்றைத் தேடும்போதே அகப்படுகின்றன. எக்ஸ் கதிர்ப் படத்தில் இடப்புறத்தே முத்திரை மோதிரம்போன்ற சுண்ணாம்பு வளையம் தெரியலாம். ஆனால் முதியோரின் மண்ணீரல் நாடி இயல்பாகவே பாம்புபோல் நெளிந்து சுண்ணாம்பு படிந்திருப்பதாற் படத்தை மட்டும் நம்புதல் கூடாது. நாளத்தில் மருந்தேற்றி எடுக்கும் சீ.ரீ. ஸ்கான் படமே இடத்தையும் அளவையும் தெளிவாக்கும்.

சிகிச்சையில் முதல் வினா, அவ்வுறுப்புக்குக் குருதி செல்ல வேறு வழி உண்டா என்பதே. மண்ணீரலுக்கு இரைப்பையின் குறுநாடிகள் உதவுமாதலின் அதன் நாடியைப் பெரும்பாலும் அடைத்துவிடலாம். ஈரலுக்கு வாயினாளம் துணைநிற்கும். எனினும் புடைப்பு இருக்குமிடம் நோக்கியே முடிவு செய்தல் வேண்டும். குடலின் முதன்மை நாடியைக் கண்ணை மூடிக்கொண்டு அடைத்தால் குடல் அழுகும். டிபேக்கியும் கூலியும் அந்நாடியின் தொற்றுப் புடைப்பை அறுத்தகற்றி வெற்றி கண்டதை 1953 இல் அறிவித்தனர். அவ்வாண்டிலேயே சுவீடனில் செல்டிங்கர், ஊசியும் கம்பியும் கொண்டு தோலினூடே நாடிக்குள் குழாய் செலுத்தும் முறையை வெளியிட்டார். இன்று அம்முறையால் தொடைநாடி வழியே சென்று, பிளாற்றினச் சுருள்களால் புடைப்பை அடைக்கின்றனர். நாடி திறந்திருத்தல் வேண்டுமெனின் உறையிட்ட ஸ்டென்ட் குழாயை வைக்கின்றனர். உடைந்து குருதி பெருகி நிலை தளர்ந்தவர்க்கு வயிற்றைத் திறத்தல் இன்றும் தேவைப்படலாம்.

குறியற்ற மண்ணீரற் புடைப்பு 3 சென்ரிமீற்றரைத் தாண்டினாற் சிகிச்சை வேண்டும் என்பது அமெரிக்கக் குருதிக்குழாய்ச் சத்திரசிகிச்சைச் சங்கம் 2020 இல் வெளியிட்ட நெறி. கருவுறும் வயதுப் பெண்டிர்க்கு இவ்வளவு பொருந்தாது. எவ்வளவு சிறிதாயினும் கருவுறுமுன் தீர்த்தல் நன்று. அடைத்தபின் சின்னாள் காய்ச்சலும் வலியும் வரலாம்; புடைப்பினுள் மீண்டும் குருதி புகாமையைப் படமெடுத்துப் பார்த்துவருதல் அவசியம். மண்ணீரலை அகற்றியோர்க்கு நியூமோகொக்கசு முதலிய கிருமிகளுக்கெதிரான தடுப்பூசி இடப்படும்.