ஏரும் போரும்

கணனி விளையாட்டு ஒன்றைப் பற்றி இலக்கியப் பகுதியில் எழுத முற்படுவது அன்பர்கள் சிலருக்கு வியப்பையும், வேறு சிலருக்குச் சினத்தையும் விளைவிக்கலாம். ஓராண்டுக்கு முன்னர் வேறெவரேனும் இவ்வாறு எழுதியிருப்பின், முதலிற் சினந்திருப்பவன் நானே. முப்பது வருடங்கள் தமிழாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், மாணவர் கையிலிருந்த அத்தகைய கருவிகளைப் பறித்து மேசை இலாச்சியிற் பூட்டி வைத்தவன் நான். அப்படிப்பட்ட என்னைச் சென்ற மார்கழி விடுமுறையில் என் மகனுடைய மகன் திரைக்கு முன்னால் அழைத்து, "அப்பப்பா, நாற்றை இவ்வளவு நெருக்கி நடலாமோ?" என்று கேட்டான்.

நான் கமக்காரன் ஒருவரின் மகன். இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயலொன்றில் என் தந்தையார் காலபோகமும் சிறுபோகமும் செய்தவர். ஆயினும் பேரனின் வினாவுக்கு என்னால் விடை கூற முடியவில்லை. எங்கள் பக்கத்தில் நெல்லை வீசி விதைப்பதே பெருவழக்கு என்று சொல்லித் தப்பிக்கொண்டேன். சொன்னது பொய்யன்று; ஆனால் முழு உண்மையும் அன்று. தந்தையார் சேற்றில் நின்ற வேளைகளில் நான் வரம்பில் அமர்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன் என்பதே முழு உண்மை.

அவ்விளையாட்டின் பெயர் 'சகுனா'. ஜப்பானில் எடெல்வைஸ் என்னும் சிறு குழுவினர் ஆக்கி, 2020 ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. குழு என்றேனாயினும், அதன் நடுநாயகமாக நின்றவர்கள் நாரு, கோயிச்சி என்னும் புனைபெயர்களைக் கொண்ட இருவரே. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அவர்கள் இதற்காக உழைத்தனர். பின்னர் அது பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட படிகள் விற்பனையாயிற்று. 2024 இல் தொலைக்காட்சிச் சித்திரத் தொடராகவும் வந்தது.

உழவை விளையாட்டாக்கும் முயற்சி இதனோடு தொடங்கியதன்று. 1996 இல் யசுஹிரோ வாதா என்பவரின் கருத்தில் உருவாகிய 'ஹார்வெஸ்ட் மூன்' வந்தது. விளையாட்டென்றாற் சண்டை என்றிருந்த காலத்தில், சண்டையே இல்லாமல் ஒரு பண்ணையின் வாழ்வைக் காட்டியது அது. 2006 இல் அதன் கிளையாகிய 'றூன் பக்டரி' உழவனின் கையில் வாளைக் கொடுத்தது. 2016 இல் எரிக் பரோன் என்னும் அமெரிக்கர் தனியொருவராக ஆக்கிய 'ஸ்டார்டியூ வாலி' உலகெங்கும் பரவியது.

இத்தகைய ஆக்கங்களை எதிர்நோக்கும் சிக்கல் ஒன்றுண்டு. உழவுக்குப் பொறுமை வேண்டும். போருக்கு விரைவு வேண்டும். கதைக்கோ இவ்விரண்டையும் நிறுத்திவிட்டு மனிதர் பேசுவதைக் கேட்கும் அமைதி வேண்டும். ஒன்று மிகுந்தால் மற்றவை நலியும். சண்டை சுவைத்துவிட்டால் வயல் பாரமாகத் தோன்றும். வயலில் மனம் ஊன்றிவிட்டாற் பகைவர் தொல்லையாவர். கதை நீண்டுவிட்டால் இரண்டும் காத்துக் கிடக்கும். 'ஸ்டார்டியூ வாலி'யில் சுரங்கத்தில் இறங்கிப் பொருதவன் கொண்டுவரும் உலோகத்தால் வயலுக்கு நீர் தெளிக்கும் கருவி செய்யலாம். ஆதலின் அங்கும் ஓர் உறவு உண்டு. ஆனால் போர்த்திறன் பகையை வெட்டுவதால் வளர்கிறது. உழவுத்திறன் விளைச்சலைக் கொய்வதால் வளர்கிறது. இரண்டும் நல்ல அயலவர். நடுவில் வேலியும் இருக்கிறது.

'சகுனா' அந்த வேலியைப் பிடுங்கிவிடுகிறது.

கதை இதுதான். சகுனா, போர்த்தெய்வமாகிய தந்தைக்கும் விளைச்சற் தெய்வமாகிய தாய்க்கும் பிறந்த சிறு தெய்வம். பெற்றோர் விட்டுச்சென்ற செல்வத்தில், வானுலகத் தலைநகரிற் சோம்பித் திரிந்தவள். போரும் பஞ்சமும் மிகுந்த மண்ணுலகிலிருந்து தப்பி வந்த மனிதர் சிலரால் நேர்ந்த விபத்தில், தலைமைத் தெய்வத்துக்குரிய நெற்களஞ்சியம் அழிந்துபோகிறது. தண்டனையாக அம்மனிதரோடு அவளும் அசுரர் உறையும் தீவொன்றுக்கு அனுப்பப்படுகிறாள். அங்கு உண்ண வேண்டுமாயின் விளைவிக்க வேண்டும். உயிர் வாழ வேண்டுமாயின் பொருத வேண்டும். அவள் கையில் உள்ள ஆயுதங்கள் மண்வெட்டியும் அரிவாளுமே. தூரத்துப் பொருளைப் பற்றி இழுக்கும் தெய்விகத் துகில் ஒன்றும் உண்டு.

இவ்வளவு மட்டுமாயின் இது வெறும் விந்தைக் கதையே. ஆக்கியோரின் திறம் அடுத்துக் கூறப்போகும் விதியிற்றான் இருக்கிறது. எத்தனை அசுரரை வீழ்த்தினாலும் சகுனாவின் அடிப்படை வலிமை இம்மியும் கூடுவதில்லை. ஆண்டுக்கொருமுறை நெல் அறுவடையாகும்போதே அவள் வலிமை பெறுகிறாள். விளைந்த நெல்லின் அளவு, சுவை, மணம், தோற்றம் முதலியன தனித்தனியே மதிக்கப்பட்டு, அவளுடைய உடல்வலியாகவும் உயிராற்றலாகவும் மாறுகின்றன. வயலைக் கைவிட்டுப் போருக்கு ஓடுபவன் அடுத்த ஆண்டு மெலிந்த தெய்வத்தோடு பகைவர் முன் நிற்பான். போரை வெறுத்து வயலோடு நிற்பவனுக்கும் வழியில்லை. நல்ல எருவுக்கு வேண்டிய பொருள்களும் அடுக்களைக்கு வேண்டிய இறைச்சியும் கனிகளும் காட்டிலும் குகையிலுமே கிடைக்கின்றன.

நம் முன்னோர் இவ்விரண்டையும் அருகருகே வைத்து எண்ணியவர்கள். தொல்காப்பியம் ஏரோர் களவழியையும் தேரோர் களவழியையும் ஒருங்கே கூறுகிறது; சங்கப் புலவர் போர்க்களத்தை ஏர்க்களமாக உருவகித்தனர். ஆனால் அங்கு உழவு போருக்கு உவமை. இங்கு உழவே போருக்கு முதல். இந்த வேறுபாட்டை வகுப்பில் விளக்க எனக்கு ஒரு பாடவேளை வேண்டியிருந்திருக்கும். பேரன் அதை ஒரு மாலைப்பொழுதில் தன் கைகளாலேயே அறிந்துகொண்டான்.

வயல் வேலைகள் சுருக்கிக் காட்டப்படவில்லை. விதைநெல்லைத் தெரிதல், மண்ணைக் கொத்துதல், நாற்றைப் பின்னோக்கி நடந்து ஒவ்வொன்றாக நடுதல், நீரின் மட்டத்தை அளந்து விடுதல், களை பிடுங்குதல், அறுத்துக் கட்டிக் காயவிடுதல், கதிரடித்தல், உரலிற் குற்றுதல் என்று எல்லாம் உண்டு. தவிடு நீங்காத அரிசியாக நிறுத்துவதா, வெள்ளையரிசியாகத் தீட்டுவதா என்பதும் ஆடுபவனின் முடிவே. நெருக்கி நடுதலும் விலக்கி நடுதலும் விளைச்சலை மாற்றும். பேரனின் வினா அங்கிருந்துதான் பிறந்தது. விளையாட்டு வெளிவந்தபோது, ஜப்பானிய இளைஞர் பலர் தம் நாட்டு விவசாய அமைச்சின் இணையத்தளத்திற் போய் நெற்செய்கைக் குறிப்புகளைத் தேடிப் படித்தனர். விளையாட்டிலே வெல்லும் வழி அரசாங்கத்தின் விவசாயக் குறிப்பில் இருந்தது என்பது எத்துணை இனிய செய்தி!

நடையின் ஒழுங்கும் நெல்லிலிருந்தே பிறக்கிறது. ஒரு பருவத்துக்கு மூன்று நாள். நான்கு பருவங்கள் சேர்ந்த ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள். விடியலில் வயலைப் பார்த்துவிட்டுத் தீவுக்குள் புறப்பட வேண்டும். இருள் சூழ்ந்தால் அசுரரின் வலிமை மிகும். எனவே பொழுது சாயுமுன் வீடு திரும்ப மனம் விரும்பும். இவ்வாறு, ஆடுபவனை எவரும் கட்டளையிட்டு நிறுத்தாமல், சூரியனே அவனை வீட்டுக்கு அழைத்து வருகிறது.

வீட்டில் இரவுணவு காத்திருக்கிறது. கதை பெரிதும் நிகழ்வது அவ்வுணவு வேளையிற்றான். சமைப்பவள் தூரதேசத்திலிருந்து தன் சமயத்தைப் போதிக்க வந்த மிர்த்தே. வாள்வீரனாயிருந்தும் போருக்கு உதவாத தவுயெமொன், இரும்பு வேலை பழகும் சிறுவன் கிந்தா, நெசவு அறிந்த சிறுமி யூயி, விலங்குகளோடு பேசவல்ல குழந்தை கைமாரு ஆகியோர் சுற்றி அமர்கின்றனர். தாம் இழந்த ஊரையும் உறவையும், தத்தம் கடவுளரையும் பற்றி அவர்கள் பேசுகின்றனர், சச்சரவிடுகின்றனர். அன்று உண்ட உணவே மறுநாளைப் போருக்கு வலுவாகிறது. ஆகவே கதை கேட்பதற்காக ஆட்டத்தை நிறுத்தினோம் என்ற எண்ணமே எழுவதில்லை. பசித்தவன் உண்ண அமர்ந்தான். உண்ணும்போது உடனிருந்தோரின் துயரையும் அறிந்தான்.

குறைகளும் இல்லாமலில்லை. புதிய இடங்கள் திறப்பதற்கு முன்சென்ற இடங்களில் இன்னின்ன செயல்களை முடிக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. நடுப்பகுதியில் அது சலிப்பைத் தருகிறது. ஒரே காட்டை மீண்டும் மீண்டும் மிதிக்கிறோம். தொடக்கத்திற் பேச்சு சற்று மிகை. இவற்றைப் பேரனே எனக்குச் சுட்டிக்காட்டினான். அவன் இரசிகனாக மட்டுமன்றி விமர்சகனாகவும் இருப்பது கண்டு, ஆசிரியனாகிய நான் உள்ளூர மகிழ்ந்தேன்.

ஒரு படைப்பிற் பல கூறுகள் சமநிலை பெறுவது என்றால், அவற்றை ஒரே அளவில் நிறுத்து வைப்பது என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். மாணவரின் சிறுகதைகளை அவ்வாறே திருத்தியும் இருக்கிறேன். வருணனை இத்தனை வரி, உரையாடல் இத்தனை வரி! 'சகுனா' எனக்கு வேறொன்றைக் கற்பித்தது. கூறுகள் ஒன்றையொன்று வேண்டி நிற்குமாயின் அளவு தானே அமையும். அங்கே நெல் இல்லையேல் போர் இல்லை. போர் இல்லையேல் எரு இல்லை. இவ்விரண்டும் இல்லையேல் அந்த உணவுப் பந்தியும் அதைச் சுற்றிய கதையும் இல்லை. மண்வாசனை என்று நாம் பேசுவதும், ஒருவேளை, மண்ணைப் பற்றிய சொற்களைத் தூவுவதன்று. மண் இன்றிக் கதை நகராதபடி அமைப்பதே போலும்.

என் தந்தையார் மாலையில் வயல் வரம்பில் வெகுநேரம் சும்மா நிற்பார். நான் அதைச் சோம்பல் என்று எண்ணியதுண்டு. கதிர் பழுக்கும் நாள்களில் நாளுக்கு நான்கு முறை சகுனாவை வரம்பில் நிறுத்தி, நீரின் மட்டத்தையும் பயிரின் நிறத்தையும் பார்த்துக்கொண்டிருந்த பேரனைக் கண்டபோதுதான், அவர் சும்மா நிற்கவில்லை என்பது எனக்கு விளங்கியது.

அறுவடை முடிந்து சகுனா வலிமை பெற்ற இரவு, பேரன் கருவியை வைத்துவிட்டு, "அப்பப்பா, எங்கட வயல் எங்கே?" என்று கேட்டான். தந்தையார் மறைந்த மறுவருடம் அதை விற்றுவிட்டேன் என்று சொன்னேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால், முப்பது வருடம் தமிழ் கற்பித்த எனக்கு அதற்கும் விடை தெரிந்திராது.