தாலாட்டின் தாளமும் குழந்தையின் மன அமைதியும்: மொழிபெயர்ப்பு நோக்கில் ஓர் ஆய்வு

1. முன்னுரை

அழும் குழந்தையின் உணர்ச்சியைத் தணித்து அமைதிப்படுத்தத் தமிழ் மக்கள் பயன்படுத்திவரும் மொழி வடிவங்களுள் தாலாட்டு தலையாயது. தால் என்பது நாவைக் குறிக்கும். நாவை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு எனப் பெயர் பெற்றது என்பர். ஓராட்டு, ராராட்டு, தாராட்டு என வட்டார வழக்குகளும் உள்ளன. பெரியாழ்வாரும் குலசேகராழ்வாரும் இவ்வடிவத்தைப் பக்தி இலக்கியத்துக்குக் கொண்டுவந்தனர். பிள்ளைத்தமிழில் தால் மூன்றாம் பருவமாகவும், கைகொட்டி மகிழும் சப்பாணி நான்காம் பருவமாகவும் அமைகின்றன. குழந்தையைத் தணிக்கும் தாளம் வேறு, கிளர்ச்சியூட்டும் தாளம் வேறு என்னும் உணர்வு நம் மரபில் இருந்தமைக்கு இவ்விரு பருவங்களும் சான்று எனலாம்.

தாலாட்டை எழுத்தில் பதிப்பிக்கும்போதும் பிற மொழியில் பெயர்க்கும்போதும் சொற்பொருளைக் காத்துத் தாளத்தை இழந்துவிடும் நிலை நேர்கிறது. அவ்வாறு இழந்தால் பாடலின் பயனே நீங்கிவிடுகிறது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. தமிழையும் கன்னடத்தையும் ஒப்பிட்டு இது விளக்கப்படுகிறது. இவ்விரு மொழிகளும் அன்றாடம் அருகருகே வழங்கும் மைசூரு இத்தகைய ஒப்பீட்டுக்கு ஏற்ற களமாகும்.

2. இரு வகைக் கேட்போர்

தாலாட்டின் உள்ளடக்கம் பெரும்பாலும் குழந்தைக்கு எட்டாதது. தாய்மாமன் கொண்டுவரும் சீர், குலப் பெருமை, பிறந்த வீட்டு நினைவு, புகுந்த வீட்டு மனக்குறை ஆகியவை கைக்குழந்தைக்குப் புரியா. அவை பாடும் தாய்க்கும் சுற்றியுள்ள உறவினர்க்கும் உரியவை. குழந்தைக்குச் சென்று சேர்வது ஒலியும் தாளமுமே.

அண்மைக்கால ஆய்வுகள் இதற்கு அரண் செய்கின்றன. மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் கேட்டறியாத துருக்கிய மொழியில் பாடலைக் கேட்ட குழந்தைகள் ஏறத்தாழ 9 நிமிடம் அழாமல் இருந்தனர். பேச்சைக் கேட்டபோது ஏறத்தாழ 4 நிமிடமே அமைதி நீடித்தது. ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், 144 குழந்தைகளுக்கு அறியாத மொழிகளின் தாலாட்டுகளும் பிற பாடல்களும் ஒலிக்கப்பட்டன. தாலாட்டைக் கேட்டபோது இதயத் துடிப்பு கூடுதலாகத் தணிந்தது. மொழி புரியாத நிலையிலும் தாலாட்டின் பயன் நிகழ்கிறது என்பது இவற்றால் பெறப்படும்.

3. தூளியும் சீரும்

தாலாட்டின் காலஅளவைத் தூளியின் ஆட்டத்தோடு இணைத்து நோக்க வேண்டும். தொங்கும் பொருள் ஒருமுறை சென்று மீளும் நேரம் அது தொங்கும் நீளத்தைப் பொறுத்தது. உத்திரத்திலிருந்து 2 மீட்டர் நீளத்தில் தொங்கும் சேலைத்தூளி ஒருமுறை சென்று மீள ஏறத்தாழ 2.8 வினாடி ஆகும். 1 மீட்டராயின் 2 வினாடியே ஆகும். நாற்சீரடி ஒன்றை 2 மீட்டர்த் தூளியின் ஒரு முழு ஆட்டத்தில் பாடினால் சீருக்கு 0.7 வினாடி அமையும். எனவே சீரின் அளவு பாடுவோர் விருப்பத்தை மட்டும் சார்ந்ததன்று. குழந்தை தன் உடலால் உணரும் அசைவும் செவியால் உணரும் சீரும் ஒன்றிவரும்போது, அடுத்து வருவது எது என்பதை அது எதிர்பார்க்கப் பழகுகிறது. எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடி வருவதே அமைதிக்கு அடிப்படை.

4. பொருளற்ற ஒலிச்சொற்கள்

ஆராரோ, ஆரிராரோ ஆகியவற்றை 'யார் யாரோ' எனப் பிரித்துப் பொருள் கூறுவோர் உளர். பொருள் எதுவாயினும் இவற்றின் ஒலியமைப்பு கருதத்தக்கது. நெட்டுயிர்கள் மிக்கு வருகின்றன, மெய் ரகரம் ஒன்றே, வல்லினம் இல்லை. ஆதலின் குரல் தடைபடாது நீள்கிறது. கன்னடத்தில் லாலி என்பதோடு ஜோ ஜோ என்பதும் வழங்குகிறது. ஜகரம் தடையொலியோடு தொடங்குவது. எனினும் அதன் பின்வரும் நெடிய ஓகாரமும் இரட்டிப்பும் அதே பணியைச் செய்கின்றன. ஆகவே தமிழின் ஆராரோவைக் கன்னடத்தில் ஒலிபெயர்த்து வைப்பதினும், அம்மொழிக் குழந்தை கேட்டுப் பழகிய ஜோ ஜோவை வைப்பதே முறை.

5. பதிப்பில் நேரும் தாளச் சிதைவு

பேச்சுத்தமிழில் கண்ணு, பாலு எனவரும் சொற்கள் ஈரசையுடையன. பதிப்பாசிரியர் இவற்றைக் கண், பால் எனத் திருத்தினால் அவை ஓரசையாகிவிடும். எழுத்து வழக்குக்கு ஏற்ற இத்திருத்தத்தால் சீர் குறைந்து, பாடுவோர் தூளியின் ஆட்டத்தைத் தவறவிடுவர். கன்னடத்திலோ கண்ணு, ஹாலு என்பனவே இயல்பான வடிவங்கள். எனவே கன்னடத்தில் பெயர்ப்போருக்குத் திருத்திய பதிப்பைவிடப் பேச்சு வடிவமே நெருங்கிய மூலமாகும்.

அசை எண்ணிக்கை ஒன்றையே நம்புவதும் பொருந்தாது. தூங்கு என்பதற்கு ஈடாகக் கன்னடத்தில் மலகு என்னும் சொல்லை வைக்கலாம். முன்னதில் உயிர் ஒலிகள் இரண்டு, பின்னதில் மூன்று. ஆயினும் நெடிலுக்கு இரண்டும் குறிலுக்கு ஒன்றுமாக, இடைநிற்கும் மெய்யை விடுத்துக் கணக்கிட்டால் இரண்டும் மும்மாத்திரை பெறுகின்றன. பாடும்போது ஒன்றன் இடத்தில் மற்றொன்று அமர இதுவே காரணம்.

6. சொற்பொருள் பயன்படும் பருவம்

குழந்தை பேச்சை விளங்கிக்கொள்ளத் தொடங்கியபின் சொற்களும் தம் பங்கை ஆற்றுகின்றன. அழும் குழந்தையை அடித்தவர் யார் என ஒவ்வோர் உறவினராகக் கேட்டு, அடித்த கருவியாக மென்மையான பூவைச் சுட்டும் வாய்பாடு தமிழ்த் தாலாட்டில் பரவலாக உண்டு. அது அழுகையை மறுப்பதில்லை. அதற்கொரு காரணம் கற்பித்து, அக்காரணத்தை மென்மையாக்கிவிடுகிறது. வரிசையாக வரும் மாமன், அத்தை முதலிய உறவுப்பெயர்கள் தன்னைச் சூழ்ந்தோர் பலர் என்னும் உறுதியையும் தருகின்றன. கன்னடத்தில் மாவ, அத்தெ என இணைச்சொற்கள் கிடைக்கின்றன. ஆங்கிலத்திலோ தாய்மாமனுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே சொல்லாதலின் வரிசையின் நயம் குன்றும். அங்கு உறவினரின் இயற்பெயரை இட்டு நிரப்புவது ஏற்ற உத்தியாகும்.

7. முடிவுரை

கைக்குழந்தைக்கான பாடலில் மாத்திரையும் ஒலிச்சொல்லும் முதலிடம் பெறவேண்டும், சொற்பொருள் விட்டுக்கொடுக்கலாம். பேசத் தொடங்கிய குழந்தைக்கான பாடலில் வாய்பாட்டின் அமைப்பும் காக்கப்படவேண்டும். பதிப்பிப்போர் பேச்சு வடிவத்தைத் திருத்தாது தருதல் நன்று. மழலையர் வகுப்புக்கெனப் பாடல்களை மொழிபெயர்ப்போர், அச்சுக்கு அனுப்புமுன் அவற்றைத் தொட்டிலின் ஆட்டத்தோடு ஒருமுறை பாடிப் பார்த்தல் வேண்டும். சொல் எல்லாம் சரியாக அமைந்தும் ஆட்டத்தோடு ஒட்டாத பாடல் ஆசிரியர்க்குப் பயன்படலாம். அழும் குழந்தைக்குப் பயன்படாது.