குப்பையின் புகையும் குளோரினின் முத்திரையும்

தேக்கா உணவுக் கடைகளின் குப்பை எரியுலைக்குச் செல்கிறது. எஞ்சும் சாம்பல் கடல் கடந்து செமாக்காவ் தீவில் நிரப்பப்படுகிறது. நிலம் குறைந்த சிங்கப்பூருக்கு எரித்தல் தவிர்க்க இயலாத வழி. எனினும் உப்பிலும் பிவிசி நெகிழியிலும் உள்ள குளோரின், புகை 200 முதல் 400 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தைக் கடக்கையில், கரிமத்தோடு கூடி டையாக்சின் என்னும் நஞ்சாகலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த வரம்பு, ஒரு கனமீட்டர் புகையில் நச்சுச் சமன் அளவாக 0.1 நானோகிராம். நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. இத்துணை நுண்ணிய அளவை அறியப் புகையைப் பல மணி நேரம் சேகரித்து ஆய்வகத்தில் பிரித்தறிவர். முடிவு வருமுன் அப்புகை காற்றில் கலந்துவிடும்.

இக்குறையைக் குறைப்பது ஒளி அயனியாக்க நிறைமானி. பெயரைப் பிரித்தாலே செயல் விளங்கும். ஒளி, மூலக்கூற்றிலிருந்து ஓர் எலக்ட்ரானை நீக்கி அதனை அயனியாக்குகிறது. மானி அதன் நிறையை அளக்கிறது. குளோரோபென்சீன் அயனியாக 9.07 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதும், ஆக்சிஜனுக்கு 12.07, நைட்ரஜனுக்கு 15.58 வேண்டும். எனவே 10.6 அளவுள்ள ஒளி, காற்றைத் தீண்டாது மாசினை மட்டும் காட்டும். குளோரின் அணுக்கள் 35, 37 என்னும் இரு நிறைகளில் மூன்றுக்கு ஒன்றாக அமைந்தவை. ஆதலின் குளோரோபென்சீன் 112, 114 என்னும் இரு இடங்களில் அதே விகிதத்தில் தோன்றும். அதுவே அதன் முத்திரை.

டையாக்சினைவிடக் குளோரோபென்சீன் புகையில் மிகுதி. ஆகவே இதனை உடனுக்குடன் அளந்து அதனை மதிப்பிட ஜெர்மானிய ஆய்வாளர் வழி கண்டனர். இது ஆய்வக அளவீட்டுக்கு மாற்றன்று. உலையை அப்போதே திருத்த உதவும் அறிகுறி. ஒளி, அயனி, நிறை என்னும் மூன்று சொற்களை அறிந்த மாணவர் இதனைத் தமிழிலேயே பிறர்க்கு விளக்க இயலும்.