கங்கப்பிட்டியின் நீலத் துகள்கள்

கண்டி நகருக்குக் கிழக்கே, அம்பக்கோட்டைக்கு அருகில், கங்கப்பிட்டி என்றொரு சிற்றூர் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூர்ப் பாறையொன்றிற் கருநீலத் துகள்கள் சில காணப்பட்டன. நீலம் என்றவுடன் இலங்கையில் எவர்க்கும் நினைவுக்கு வருவது நீலக்கல். அதற்கு அடுத்தபடியாக ஸ்பினல். ஆனால் அத்துகள்கள் இவ்விரண்டும் அல்ல. கலை வரலாற்று ஆசிரியராகவே பலரும் அறிந்த ஆனந்த குமாரசுவாமியும், இலண்டன் பிரித்தானிய அரும்பொருட்சாலையைச் சேர்ந்த பிரையர் என்பாரும் அவற்றை ஆராய்ந்து, அதுகாறும் உலகம் அறியாத புதிய கனியம் அது என்று 1903இல் அறிவித்தனர். அராபியர் இலங்கைக்கு வழங்கிய செரண்டிப் என்னும் பெயரினின்றும் அதற்குச் செரண்டிபைற்று என்ற பெயர் அமைந்தது.

நிறத்தை மட்டும் நம்பியிருந்தால் அத்துகள்கள் மட்டமான நீலக்கல் என்று ஒதுக்கப்பட்டிருக்கும். அவை கிடந்த இடமோ வேறு கதையைச் சொல்லிற்று. கண்டியைச் சூழ்ந்த நிலத்திற் சுண்ணாம்புக்கற் படைகள் பழம்பாறைகளினிடையே நீண்டு கிடக்கின்றன. திகனையில் வெட்டியெடுக்கப்படும் தொலமைற்று அவ்வகையினதே. இப்படைகள் சிலிக்கா மிகுந்த பாறையைத் தொடும் எல்லையில், பூமியின் ஆழத்து வெப்பத்தால் ஒன்றின் பொருள் மற்றொன்றினுட் புகுந்து, இரண்டிலும் இல்லாத கனியங்கள் தோன்றும். சுண்ணாம்பும் மகனீசியமும் அலுமினியமும் சிலிக்காவும் போரனும் ஒருங்கு கூடிய செரண்டிபைற்று அத்தகைய எல்லையிற் பிறந்தது.

இன்று உலோகங்காட்டும் கருவியோடு நிலத்தைத் துழாவுவோர்க்கும் இதே சிக்கல் நேர்கிறது. கருவி ஒலிக்கிறது; தோண்டினால் உலோகம் இல்லை, கல்லொன்றே கிடைக்கிறது. கருவி பழுது என்று எண்ண வேண்டியதில்லை. இரும்பு மிகுந்த காந்தக்கல்லும், மின்னைக் கடத்தும் காரீயமும் கருவியை ஒலிக்கச் செய்யவல்லன. நூலிற் கட்டித் தொங்கவிட்ட காந்தம் ஒன்று முன்னதைக் காட்டிக் கொடுத்துவிடும். பின்னது காகிதத்திற் கீறினால் கறுப்புக் கோடு இடும், விரலில் வழவழக்கும்.

ஓடை மணலிற் பொன்போல் மின்னும் தகடுகளைக் கண்டு மனம் துள்ளியவர் பலர். மலைநாட்டில் அது பெரும்பாலும் பொன்னிற மைக்காவே. குண்டூசி முனையால் நெம்பினால் மைக்கா ஏடு ஏடாகப் பிரியும், வளைத்து விட்டால் மீண்டு நிமிரும். பொன் அவ்வாறு பிரியாது. ஊசி பதிந்த இடத்திற் குழி விழும்.

அடுத்துக் காண வேண்டியது கடினம். 1812இல் மோசு என்னும் கனியவியலார் வகுத்த பத்துப் படிகளில் விரல் நகம் ஏறக்குறைய 2½, பேனாக் கத்தி 5½, படிகம் 7, ஸ்பினல் 8, நீலக்கல் 9. கத்தி கீறிய நீலக் கல் நீலக்கல் ஆகாது. ஆயினும் விலையுயர்ந்ததோ என ஐயம் எழும் கல்லைக் கீறாது விடுவதே அறிவுடைமை. அதற்கு நிறைச் சோதனை உண்டு. கல்லை முதலிற் காற்றிலும், பின்பு நூலிற் கட்டி நீருள் அமிழ்த்தியும் நிறுக்க வேண்டும். காற்றில் 12 கிராம் உள்ள கல் நீரில் 9 கிராம் ஆயின், குறைவு 3 கிராம். 12ஐ 3ஆற் பிரிக்க 4 வரும். அது நீலக்கல்லுக்கு ஒத்த எண். படிகத்திற்கு 2.65, ஸ்பினலுக்கு 3.6 அளவு, செரண்டிபைற்றுக்கு 3.4 அளவு. கடைசி இரண்டும் எவ்வளவு நெருக்கம்! கல்லில் வேறு கனியம் சிறிது கலந்திருந்தாலே கணக்குப் பிழைத்துவிடும். அவ்விடத்தில் வீட்டுச் சோதனை நின்று, ஆய்வுகூடம் தொடங்குகிறது.

நிபுணரும் தவறியதுண்டு. சப்பிரகமுவா மாகாணத்து இரத்தினக்கற் சரளையில் அகப்பட்ட, அளவுக்கு மிஞ்சிய பாரமுடைய கரிய சதுரக் கற்களை 1904இல் குமாரசுவாமி யுரேனியக் கனியம் என்றே கொண்டார். அப்போது அவர் இலங்கைக் கனியவியல் அளவையின் பணிப்பாளர். டன்ஸ்ரன் என்பார் இரசாயன முறையிற் பகுத்துப் பார்த்த பின்னரே, அது பெரும்பாலும் தோரியம் அடங்கிய புதிய கனியம் எனத் தெளிந்து, தோரியனைற்று எனப் பெயர் பெற்றது. அது கதிர்வீச்சு உமிழ்வது. ஆதலின் நீரைப்போல் எட்டு ஒன்பது மடங்கு பாரமான கருங்கல்லை அழகுக்காக அறையில் வைப்பதும், சிறுவர் கையிற் கொடுப்பதும், உடைத்துத் தூளாக்குவதும் தகா.

கல்லை வீட்டுக்குக் கொண்டுவரும் பலர் ஒன்றை மறந்துவிடுகின்றனர்: எடுத்த இடத்தைக் குறித்து வைப்பது. எந்த ஊர், ஓடையா மேடா, எவ்வளவு ஆழம், அயலில் இருந்த பாறை எத்தகையது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கல்லோடு கட்டி வைத்தல் வேண்டும். கங்கப்பிட்டித் துகள்கள் பாறையினின்று கழன்று, ஊர் பேர் தெரியாமற் கடைத்தட்டுக்குப் போயிருந்தால், அவற்றின் பிறப்பை எவரும் அறிந்திருக்க இயலாது. கழுவுவதிலும் நிதானம் தேவை. ஒட்டிய மண்ணும் ஒட்டிய பாறைத் துண்டும் சாட்சிகள்.

தோண்டுமுன் சட்டத்தையும் அறிதல் நலம். தொல்பொருள் தேடி அகழ்வதற்கு 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படியும், இரத்தினக்கல் அகழ்வதற்கு 1993ஆம் ஆண்டுச் சட்டப்படியும் அனுமதி பெறல் வேண்டும். ஐயமான கல்லைக் காட்டுவதற்குக் கண்டியார் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்திற் புவிச்சரிதவியல் துறை இருக்கிறது. கல்லோடு அந்தத் துண்டுக் காகிதத்தையும் எடுத்துச் செல்பவரிடம் அங்குள்ளோர் கேட்க வேண்டிய கேள்விகள் குறையும்.