மான் குட்டியைத் தின்றது யார்?

ஓநாய் வந்தால் மான் குறையும். உணவுச் சங்கிலி பாடத்தைப் படிச்சுட்டு நானும் அப்படித்தான் நினைச்சேன்.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் 1926-க்குள் ஓநாய்களை ஒழித்துவிட்டார்கள். 1995, 1996-இல் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். வடபகுதியில் 1994-இல் சுமார் 19,000 இருந்த எல்க் மான்கள் (நம்ம கடமான் மாதிரி பெருசு) 2013-இல் 4,000-க்கும் கீழே போயின. வேட்டையும் வறட்சியும்கூடக் காரணம். ஆனா பழி முழுக்க ஓநாய் மேலேதான்!

2003 முதல் 2005 வரை ஆய்வாளர்கள் 151 எல்க் குட்டிகளின் காதில் சின்ன ரேடியோ மாட்டிக் கவனித்தார்கள். செத்த குட்டிகளில் பாதிக்கு மேல் கொன்றது கரடி! ஓநாயும் கயோட்டியும் (நரி மாதிரி இருக்கும்) கொன்றது அதைவிட ரொம்பக் குறைவு.

இன்னொரு வேடிக்கை கேளுங்க. ஓநாய்க்குக் கயோட்டியைக் கண்டாலே ஆகாது, கொன்னுடும். பக்கத்து கிராண்ட் டீட்டன் பூங்காவில் ஓநாய் இருந்த இடங்களில் கயோட்டி குறைந்தது. அங்கே பிராங்ஹார்ன் குட்டிகள் (மான் சாயல், ஆனா மான் இனம் இல்லை) அதிகம் பிழைத்தன.

'ஓநாய் வந்தால் என்ன ஆகும்?' என்று பரீட்சையில் ஒரு மார்க் கேள்வி வந்தா, நான் என்ன சார் எழுதறது?